விறைப்பு போன பிறகு – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் மகளுக்கு பேக்லோஃபென் பம்ப் – தசை விறைப்பைத் தளர்த்தும் மருந்தைக் குழாய் வழியாகத் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீருக்குள் செலுத்தும் கருவி – வைத்ததைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்த பிறகுதான் நாங்களும் துணிந்தோம். என் மகனுக்கு எட்டு வயது. பெருமூளை வாதம், இரண்டு காலிலும் கடுமையான விறைப்பு. மூன்று வாரத்துக்கு முன்பு வயிற்றில் பம்ப் வைத்தார்கள். புண் ஆறிவருகிறது. ராத்திரியில் கால் வெட்டி இழுத்து அலறி எழுவது நின்றுவிட்டது. ஆனால் முன்பு கட்டில் விளிம்பைப் பிடித்து விறைப்பாக நிற்பான், நான் கால்சட்டை மாட்டிவிடுவேன். இப்போது நிறுத்தினால் அப்படியே மடங்கிவிடுகிறான். "அம்மா, என் காலு எங்க போச்சு?" என்று கேட்கிறான். "நின்னுக்கிட்டிருந்த புள்ளைய உக்கார வெச்சுட்டீங்களே" என்கிறார் மாமியார். டோஸைச் சரிசெய்யலாம் என்று மட்டும் டாக்டர் சொன்னார். தப்புப் பண்ணிவிட்டோமா? அவனைத் தூக்கவே பயமாக இருக்கிறது. பம்ப் சத்தம் போடும் என்கிறார்களே, அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாமல் ராத்திரியெல்லாம் விழித்துக் கிடக்கிறேன்.

ம.

அன்புள்ள ம.,

தப்புப் பண்ணவில்லை. உங்கள் மகன் இதுவரை நின்றது பெரும்பாலும் விறைப்பின் தயவில். தசையைத் தளர்த்தச் சொல்லி மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு வரவேண்டிய கட்டளை சரியாக வராததால் கால்கள் இறுகியே கிடந்தன. அந்த இறுக்கம் முட்டியைப் பூட்டி வைத்திருந்தது. பூட்டு திறந்ததும், அதற்கு அடியில் இத்தனை வருடமாகச் சரியாக வேலை பார்க்காத தசை எவ்வளவு மெலிவு என்று தெரிந்துவிட்டது. இந்தப் பலவீனம் பம்ப் வருவதற்கு முன்பே அவனிடம் இருந்ததுதான். என் மகளும் முதல் சில வாரங்கள் இப்படித்தான் துவண்டு கிடந்தாள்.

இதற்காகத்தான் டாக்டர் டோஸ் என்கிறார். அந்த ஒற்றை வார்த்தையை அவர் கொஞ்சம் விரித்துச் சொல்லியிருக்கலாம். சோதனைக்காக முதலில் முதுகில் ஒரு ஊசி போட்டிருப்பார்கள், பெரும்பாலும் 50 மைக்ரோகிராம். அதற்குக் கால் எப்படித் தளர்ந்தது, எத்தனை மணி நேரம் அப்படி இருந்தது என்று பார்த்து, அதிலிருந்து பம்பின் முதல் அளவைக் குறித்திருப்பார்கள். அது ஒரு தொடக்கம், அவ்வளவே. சரியான அளவுக்கு வந்து சேரப் பல மாதம் ஆகலாம். பம்பைத் திறக்காமலே வெளியிலிருந்து கருவியை வைத்து அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். ஒரே நாளுக்குள் வேளைக்கு ஒரு அளவு என்றும் வைக்கலாம். பகலில் நிற்கும் நேரத்துக்குக் கொஞ்சம் விறைப்பை விட்டுவைத்து, ராத்திரிக்கு மட்டும் கூட்டிக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். "அவன் நிற்பதில்லை" என்று மட்டும் சொன்னால் போதாது. கால்சட்டை மாட்டும்போது கட்டிலைப் பிடித்து நின்றவன், இப்போது முட்டி மடங்குகிறது என்று அப்படியே சொல்லுங்கள். எந்த வேலைக்கு எவ்வளவு விறைப்பு வேண்டும் என்பது வீட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும். தண்டுவட நரம்பு இழைகளை வெட்டி விறைப்பைக் குறைக்கும் அறுவை சிகிச்சையும் இருக்கிறது. வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. பம்ப் விஷயத்தில் பின்வாங்க இடம் உண்டு.

இந்த மருந்தின் கதையே கொஞ்சம் விசித்திரம். 1962இல் ஸ்விட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் வலிப்பு நோய்க்கென்று உருவாக்கினார்கள். வலிப்புக்கு அது அவ்வளவாக உதவவில்லை, தசை விறைப்புக்கு உதவியது. மாத்திரையாக விழுங்கினால் தண்டுவடத்தைச் சென்றடைவது சொற்பம். அளவைக் கூட்டினால் குழந்தை தூங்கி வழியும். 1984இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் பென், ஜெஃப்ரி க்ரோயின் இருவரும் அதை நேராகத் தண்டுவட நீரிலேயே செலுத்திப் பார்த்த முடிவை வெளியிட்டார்கள். மில்லிகிராம் கணக்கில் விழுங்கிய மருந்து மைக்ரோகிராம் கணக்குக்கு இறங்கியது. பெருமூளை வாதம் போல மூளையிலிருந்து வரும் விறைப்புக்கு இந்த முறைக்கு அங்கே ஒப்புதல் கிடைத்தது 1996இல்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். எல்லாத் தளர்ச்சியும் நான் சொன்ன வகை இல்லை. தளர்ச்சி காலிலிருந்து மேலே ஏறிக் கை, கழுத்து என்று போனால், கூப்பிட்டும் கண் திறக்காமல் தூங்கினால், மூச்சு மெதுவானால், மருந்து அதிகமாகிவிட்டது என்று பொருள். அது உடனே அவசரப் பிரிவுக்கு ஓடவேண்டிய விஷயம்.

எதிர்ப்பக்கம் இன்னும் மோசம். குழாய் மடங்கினாலோ, இடம் நகர்ந்தாலோ, பம்பில் மருந்து தீர்ந்தாலோ உடம்புக்குப் பழகிய மருந்து திடீரென்று நின்றுவிடும். அதன் முதல் அடையாளம் பல பிள்ளைகளுக்கு அரிப்பு. தோலில் தடிப்பு எதுவும் இருக்காது, சும்மா சொறிந்துகொண்டே இருப்பான். பவுடர் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடத் தோன்றும். போகாதீர்கள். அரிப்போடு பழைய விறைப்பும் திரும்பினால் நேரம் பார்க்காமல் கூப்பிடுங்கள். பின்னால் காய்ச்சல், குழப்பம், வலிப்பு என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2002இல் இதற்காகவே கட்டம் கட்டிய எச்சரிக்கையை மருந்துத் தாளில் சேர்க்க வைத்தது.

அவன் இன்னும் பேக்லோஃபென் மாத்திரையும் சாப்பிடுகிறான் என்றால், பம்ப்தான் வந்துவிட்டதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். அவர்கள் சொல்கிற வேகத்தில்தான் குறைக்க வேண்டும்.

உட்கார வைத்தால் தலைவலி, வாந்தி, படுத்தால் சரியாகிறது என்றால் முதுகுப் பக்கம் தண்டுவட நீர் கசிகிறதோ என்று பார்க்க வேண்டும். முதுகுத் தையலுக்கு அடியிலோ பம்பைச் சுற்றியோ மெத்தென்று வீங்கினாலும் அப்படித்தான். தையல் சிவப்பதும் சூடாவதும் கசிவதும் எந்த அறுவை சிகிச்சைக்கும் உள்ளவை, ஆனால் இங்கே கிருமி குழாய் வழியாகத் தண்டுவட நீருக்கே போகலாம். அதனால் காத்திருக்க வேண்டாம்.

தூக்குவதற்குப் பயப்படாதீர்கள், விதம் மட்டும் மாறவேண்டும். அக்குளில் கைகொடுத்து விருட்டென்று தூக்குவதும், இடுப்பைத் திருகுவதும், ஆழமாகக் குனிய வைப்பதும் சில வாரங்களுக்கு வேண்டாம். குழாயைச் சுற்றித் தசையும் தோலும் இறுகிப் பிடிக்கும்வரை அது நகரக்கூடும். ஒரு கை முதுகுக்குப் பின்னால், ஒரு கை முட்டிக்கு அடியில், உடம்பு ஒரே கோட்டில் வரட்டும். எத்தனை வாரம், பள்ளிக்கூடம் எப்போது என்பதை அறுவை செய்தவரிடமே கேளுங்கள், ஆளுக்கு ஆள் வேறு சொல்வார்கள்.

யாரும் சொல்லாமல் விடுகிற ஒன்று உண்டு. கால் தளர்ந்ததும் காலைத் தாங்கிப் பிடிக்கும் பழைய ஸ்ப்ளின்ட் பொருந்தாது, சக்கர நாற்காலியில் அவன் உட்காரும் விதமும் மாறிவிடும். இடுப்பு பெல்ட் பம்பின் மேட்டில் உராய்கிறதா என்று ஒவ்வொரு மாலையும் சட்டையைத் தூக்கிப் பாருங்கள். பிசியோதெரபிஸ்டிடம் இரண்டையும் புதிதாக அளக்கச் சொல்லுங்கள். வலுவூட்டும் பயிற்சியை இந்தச் சமயத்தில் விட்டுவிட்டால் பம்ப் வைத்ததில் பாதிப் பயன் போய்விடும். ஏற்கெனவே சுருங்கிக் குறுகிவிட்ட தசைநாரை பம்ப் நீட்டித் தராது என்பதையும் மனதில் வையுங்கள். அதற்குத் தனி வைத்தியம்.

மாமியார் சொன்னது வலிக்கும்தான். நிற்பது எல்லார் கண்ணிலும் படுகிறது. தொடையைப் பிரிக்க முடியாமல் டயப்பர் மாற்றியதும், ராத்திரி அலறலும் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு வாரம் டயப்பர் மாற்றும் வேலையை அவரிடமே கொடுத்துப் பாருங்களேன். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மகனிடம், நடந்துவிடுவாய் என்றெல்லாம் வாக்குக் கொடுக்காதீர்கள். கால் இருக்கிறது, அதை இறுக்கிப் பிடித்திருந்தது போய்விட்டது, இனி நீயே அதற்கு வேலை கற்றுக்கொடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். எட்டு வயதுக்குப் புரியும்.

பம்பை நிரப்பும் தேதி பெரும்பாலும் சில மாதங்களுக்கு ஒருமுறை வரும். வயிற்றுத் தோல் வழியாக ஊசி போட்டு நிரப்புவார்கள். அந்தத் தேதியை வீட்டில் இரண்டு பேராவது குறித்து வையுங்கள். பேட்டரி ஐந்து முதல் ஏழு வருடம் வரும், அப்போது பம்பை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் போதும். சத்தத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அடுத்த முறை போகும்போது எச்சரிக்கை ஒலியைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், கருவியிலேயே அதற்கு வசதி உண்டு. மெல்லிய பீப் சத்தம்தான். சாதாரண எச்சரிக்கைக்கு ஒன்று, ஆபத்துக்கு வேறொன்று. இரண்டையும் அவனையும் கேட்க வையுங்கள். அவன் வயிற்றில்தான் இருக்கிறது, பல நேரம் உங்களுக்கு முன்பே அவன் காதில் விழும்.