கடலுக்குப் பக்கத்தில் என்றால் குளிர்தானா? கலிஃபோர்னியா ஒயின் வட்டாரங்கள்: கேள்வி-பதில்

கலிஃபோர்னியாவில் கோடை வெயில் கடுமை. குளிர் விரும்பும் பினோ நுவார் என்ற கருந்திராட்சை அங்கே கடலோரத்தில் எப்படி விளைகிறது?

கடல்நீர்தான் காரணம். வடக்கிலிருந்து குளிர் நீரோட்டம் வருகிறது. அதோடு, வசந்தத்திலும் கோடையிலும் வடமேற்குக் காற்று கரையை ஒட்டி வீசும்போது, பூமியின் சுழற்சியால் மேல்மட்ட நீர் கரையைவிட்டு விலகும். ஆழத்துக் குளிர்நீர் மேலே வரும். அதைத் தொட்டு வரும் ஈரக்காற்று மூடுபனியாகிறது. பகலில் உள்நாட்டுச் சமவெளி சூடேறிக் காற்று மேலெழும்போது, இந்தக் குளிர்காற்று உள்ளே இழுக்கப்படும். ஆனால் கடலோர மலைத்தொடர் குறுக்கே நிற்கிறது. பெட்டலூமா, டெம்பிள்டன் இடைவெளிகள், சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடா, மான்டெரே விரிகுடா என்று மலை வழிவிடும் இடங்களில்தான் அது புக முடியும். எனவே கடலிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று அளப்பதற்கு முன், மலை எங்கே திறக்கிறது என்று பாருங்கள்.

சான்டா பார்பரா தெற்கே இருந்தும் குளிர்ச்சியாக இருப்பது ஏன்?

அங்கே மலைகள் கிழக்கு மேற்காக ஓடுகின்றன. கடற்காற்றுக்குத் தடையே இல்லை. சான்டா இனெஸ் பள்ளத்தாக்கில் ஒரு மைல் உள்ளே போனால் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் கூடும் என்பது விவசாயிகளின் கணக்கு. குளிர்ந்த மேற்கே, ஸ்டா. ரீட்டா ஹில்ஸில் பினோ நுவாரும் ஷார்டனே என்ற வெள்ளைத் திராட்சையும். கிழக்குக் கோடியான ஹேப்பி கேன்யனில், பழுக்க வெப்பம் தேவைப்படும் காபர்நே சாவிஞான்.

ஃபோர்ட் ராஸ்-சீவ்யூ கடலை ஒட்டியே இருக்கிறது. அங்கே திராட்சை நன்றாகப் பழுக்கிறதே?

உயரம். 2012 முதல் தனி வட்டாரமாக உள்ள இங்கே, தோட்டங்கள் பெரும்பாலும் 280 மீட்டருக்கு மேல். மூடுபனி கீழேயே தங்கிவிட, மேலே வெயில் அடிக்கும்.

ஒரு வட்டாரம் எவ்வளவு வெப்பமானது என்று காட்டும் வெப்ப அலகுகளை எப்படிக் கணக்கிடுவது?

ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரை, ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பத்திலிருந்து 10 டிகிரி செல்சியஸைக் கழித்துக் கூட்டுங்கள். கழித்தால் பூஜ்யத்துக்குக் கீழே போகும் நாளைப் பூஜ்யமாகவே வையுங்கள். மொத்தம் சுமார் 1390-க்குள் இருந்தால் அது மிகக் குளிர்ந்த முதல் பிரிவு.

ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பி நடாதீர்கள். உச்சம் 26, தாழ்வு 10 என்றாலும், உச்சம் 20, தாழ்வு 16 என்றாலும் அன்றைய கணக்கு 8 அலகுதான். முதலாவதில் பிற்பகல் வெப்பம் சர்க்கரையை ஏற்றும், இரவுக் குளிர் புளிப்பைக் காக்கும். காற்றின் வேகமும் இந்தக் கணக்கில் சேராது. சலினாஸ் பள்ளத்தாக்கில் பிற்பகல் காற்று பலமாக அடித்தால் இலைத்துளைகள் மூடி ஒளிச்சேர்க்கை தளரும், பழுப்பது தள்ளிப்போகும். மான்டெரேயின் குளிர்ந்த பகுதிகளில் 1970களில் நட்ட காபர்நேயில் சரியாகப் பழுக்காததைக் காட்டும் பச்சைக் குடைமிளகாய் வாசம் தூக்கலாக இருந்தது இப்படிப்பட்ட தவறான தேர்வால்தான்.

மூடுபனியால் நோய் வராதா?

வரும். சாம்பல் நோய்க்கு இலை நனையவே வேண்டாம். 21 முதல் 30 டிகிரி வரையிலான மிதமான வெப்பமே போதும். போட்ரைடிஸ் என்ற பூஞ்சையால் வரும் அழுகலுக்கு ஈரம் வேண்டும். குலை நெருக்கமான பினோ நுவாரில் உள்ளே தங்கும் ஈரம் காயாது. காய் பிடித்ததும் காலை வெயில் படும் பக்கத்தில் மட்டும் குலையைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளுங்கள். பிற்பகல் பக்கத்தையும் மொட்டையடித்தால், பனி விலகிய நாளில் பழம் வெந்துவிடும்.

லேபிளில் 'சோனோமா கோஸ்ட்' என்றிருந்தால் கடலோரத் திராட்சைதானா?

குறைந்தது 85 சதவீதத் திராட்சை அந்த வட்டாரத்தில் விளைந்தது என்பதே உறுதி. அதன் எல்லையோ உள்நாடு வரை நீள்கிறது. கடலை ஒட்டிய தோட்டம்தான் வேண்டுமென்றால், 2022-இல் பிரிக்கப்பட்ட 'வெஸ்ட் சோனோமா கோஸ்ட்' என்ற பெயரைத் தேடுங்கள்.