கடுமையான நோய் வந்தால் சொந்தக்காரர்களிடமும் நண்பர்களிடமும் உதவி கேட்கலாமா? அவர்களுக்குப் பாரமாகிவிட மாட்டோமா?

இதைக் கேட்டிருப்பவர் இன்னும் வெளியே யாரிடமும் வாய் திறக்கவில்லை என்று நினைக்கிறேன். ரிப்போர்ட் பீரோவுக்குள் இருக்கும், வீட்டில் ஒருவருக்கு மட்டும் விஷயம் தெரிந்திருக்கும். சொல்லிவிடுங்கள். உதவியும் கேளுங்கள். கேட்கக் கூடாதது என்று ஒன்றே ஒன்று உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் குடியாத்தத்தில் லுங்கி நெய்தவன். இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, வாரத்துக்கு மூன்று முறை வேலூருக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறேன். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருப்பதால் சிகிச்சைச் செலவு அதில் போய்விடுகிறது. ஆனால் பஸ்ஸில் கூட வருவதற்கு அட்டை ஆள் அனுப்பாது. முடித்து வெளியே வரும்போது பிரஷர் இறங்கித் தலை சுற்றும், கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். அந்த நிலையில் காட்பாடி, லத்தேரி என்று நின்றுகொண்டே வந்து பார்த்தால்தான் தெரியும்.

செய்தி தெரிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். குறை சொல்லவே மாட்டேன், பாசத்தோடுதான் வந்தார்கள். இளநீர், சாத்துக்குடி, வாழைப்பழம் என்று வீடு நிறைந்தது. பொட்டாசியம் அதிகம் என்பதால் அதில் ஒன்றைக்கூட நான் தொட முடியாது. தண்ணீரே அளந்துதான். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை, அதிலும் அளந்துதான். கொஞ்ச நாளில் வருகிறவர்கள் குறைந்தார்கள். அதுவும் இயல்புதான், அவரவர்க்குப் பிழைப்பு இருக்கிறதல்லவா? இந்த நோய் ஒரு வாரத்தில் முடிகிற காரியம் இல்லையே.

கடைசி வரை நின்றவன் பக்கத்துத் தறிக்காரன். சொந்தம் கிடையாது, ஆனாலும் மாமா என்றுதான் கூப்பிடுவான். டயாலிசிஸுக்காக என் இடது மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்துலா போட்டார்கள். அதன்மேல் விரல் வைத்தால் கிர்ரென்று ஓடுவது தெரியும். தினமும் காலையில் தொட்டுப் பார்க்க வேண்டும், ஓட்டம் நின்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்தக் கையில் ஊசி போடக் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. தறியில் குறுக்கு நூலை ஓட்டும் நாடாக் கயிற்றை வலது கை இழுக்க, அந்த நூலை நெருக்கும் பலகையை இடது கைதான் இழுத்து அடிக்க வேண்டும். பிழைப்பே அந்தக் கையில்தான் இருந்தது.

பாதி நெய்த பாவு, அதாவது தறியில் ஏற்றிய நீளவாட்டு நூல், அப்படியே நிற்கிறது, முதலாளி கேட்டுக்கொண்டே இருக்கிறார். "நீ வுடு மாமா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி, தன் தறியில் பகல் முழுக்க நெய்துவிட்டு, சாயங்காலம் என் தறிக் குழியில் இறங்கி உட்கார்ந்து அதை நெய்து முடித்தான். கூலியை என் மனைவி கையில் கொடுத்தான். பாதி எடுத்துக்கொள் என்றதற்கு எழுந்து போய்விட்டான். அந்தக் கூலியே எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? கைத்தறிக்கென்று 1985ல் சட்டம் போட்டு ஒதுக்கிய ரகங்களில் லுங்கியும் உண்டு. இன்று கடையில் போய்ப் பாருங்கள், விசைத்தறியில் ஓட்டியதைக் கைத்தறி என்று சீட்டு ஒட்டி விற்கிறார்கள். கேட்பார் இல்லை. கை நன்றாக இருப்பவனே தறியை விற்றுவிட்டு வேறு வேலைக்குப் போகிறான். கேள்விக்குச் சம்பந்தம் இல்லாததுதான், ஆனால் வயிறு எரிகிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வைகாசி முதல் தேதி எங்கள் ஊரில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அம்மன் தலையை ஊர்வலமாக எடுத்து வருவார்கள். ஊரே தெருவில் நிற்கும், பஸ் உள்ளே வராது. ஒரு வருடம் அன்றைக்கே எனக்கு டயாலிசிஸ் விழுந்தது. முதல் நாள் ராத்திரியே அவன் என்னை வண்டியில் ஏற்றி லத்தேரியில் தன் தங்கை வீட்டில் படுக்க வைத்துவிட்டு, சிரசு புறப்படுவதற்குள் ஊருக்குத் திரும்பினான். அந்தப் பெண் எனக்கென்று உப்பில்லாத இட்லியும் துவையலும் செய்து வைத்திருந்தாள். நான் கேட்டதால்தான் இது நடந்தது. கேட்காமல் இருந்திருந்தால் எனக்கு அன்றைக்கு டயாலிசிஸ் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

'வெட்கம் இல்லாமல் அடுத்தவனை வேலை வாங்கிவிட்டு அதைப் பெருமையாக எழுதுகிறாயா' என்று சிலர் வருவார்கள். மொய் வாங்கும்போது யாராவது வெட்கப்படுகிறோமா? நோட்டில் எழுதி வைத்து, அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்கிறோம். இதுவும் அப்படித்தான். பாவு பிணைப்பது, அதாவது பழைய பாவு நூலோடு புது நூலை இணைப்பது, கனமில்லாத வேலை, உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் அவன் தறிக்கு நான்தான் பிணைத்துக் கொடுக்கிறேன்.

இனி, கேட்கக் கூடாதது. உயிரோடு இருப்பவரின் சிறுநீரகத்தை இந்தியாவில் முதன்முதலாக வெற்றிகரமாகப் பொருத்தியது எங்கள் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில், 1971ல். அதனால் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் விஷயம் அத்துப்படி. ஒரு காதுகுத்தில் பந்தியில் வைத்தே என் தம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். "அண்ணனுக்கு ஒண்ணு குடுத்தா இன்னா, ஒண்ணு இருந்தா போதாதா?" அவன் இலையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். நான் எழுந்து சத்தம் போட்டேன். 1994ல் வந்த உறுப்பு மாற்றுச் சட்டம் உடன்பிறந்தவரை நெருங்கிய உறவு என்கிறது, கொடுக்கலாம். ஆனால் மனதாரக் கொடுக்க வேண்டும், யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. அவனுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். என் மனைவி தானாகவே முன்வந்தாள், அவளுக்குச் சர்க்கரை இருப்பதால் டாக்டர்கள் முடியாது என்றுவிட்டார்கள். மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்கான அரசுப் பட்டியலில் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறேன். தம்பி பாசமில்லாதவன் என்று இதைப் படித்துவிட்டு யாரும் எழுத வேண்டாம். வீட்டு வாடகையை அவன்தான் கட்டுகிறான்.

உங்களுக்கு என்ன நோய் என்று கேள்வியில் இல்லை. வேலூருக்கு வரப் போகிறீர்கள் என்றால் எனக்கு எழுதுங்கள். வங்காளத்திலிருந்து குடும்பத்தோடு வந்து மாதக்கணக்கில் தங்குகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அறையிலேயே சமைத்துக்கொள்ள விடுகிற லாட்ஜ்கள் எவை என்று தெரியும். டயாலிசிஸ் இல்லாத நாளாக இருந்தால் காட்பாடி ஸ்டேஷனுக்கு நானே வந்துவிடுகிறேன்.