நிரல் எழுதாதவருக்கும் உறுப்பினர் தகுதி உண்டா?

கேள்வி: உபுண்டு இயங்குதளத்தின் மெனுக்களைத் தமிழாக்கி வருகிறேன், நிரல் எழுதத் தெரியாது. என்னை உபுண்டு சமூகத்தின் உறுப்பினராக ஏற்பார்களா?
– வாசகர் ஒருவர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: தாராளமாக விண்ணப்பிக்கலாம். உங்கள் நாட்டவரான மார்க் ஷட்டில்வொர்த் 2004-இல் தொடங்கிய உபுண்டுவில், மொழிபெயர்ப்பு, ஆவணமாக்கம், பயனர் உதவி என எப்பணியும், குறிப்பிடத்தக்க அளவில் தொடர்ந்து செய்யப்பட்டிருந்தால், உறுப்பினர் தகுதிக்குக் கணக்கில் கொள்ளப்படும். செய்த பணிகளைத் தொகுத்து, உடன் உழைத்தவர்களின் சான்றுரைகளையும் இணைக்க வேண்டும். “நல்ல மனிதர்” என்னும் பாராட்டு அங்கே செல்லுபடியாகாது என்பது என் எண்ணம். “கோப்பு மேலாளரின் தமிழ்ப் பிழைகளை இவரே களைந்தார்” என்பதுபோல எழுதித் தரக் கேளுங்கள். உபுண்டுவுக்கு அடிப்படையான இயங்குதளத்தை உருவாக்கும் டெபியன் திட்டமோ, மென்பொருள் தொகுப்புகளைப் பராமரிக்காத பங்களிப்பாளர்களையும் வாக்குரிமையுள்ள உறுப்பினர்களாக ஏற்க 2010-இலேயே வாக்கெடுப்பின் மூலம் முடிவு செய்துவிட்டது.