இடுப்பில் கொண்டு திரியும் சின்னப் பிஸ்டலுக்கு சேப்டி போட வேண்டுமா, விடலாமா?

போடுங்கள். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு முறையும். சேப்டி என்று நான் சொல்வது, விரலால் இழுக்கும் விசையை அழுத்தினாலும் வெடிக்காதபடி பூட்டும் சின்ன நெம்பை; கட்டைவிரலால் தள்ளுவது.

"சேப்டி போட்டு வைத்தால் அவசரத்தில் அதை விடுவிக்க மறந்து செத்துப்போவாய்" என்று நண்பர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். இதே கதையை நானும் எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். பெரும்பாலும் துவக்கைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள்தான் சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் அமெரிக்காவில் இருப்பவர் என்று வைத்துக்கொள்கிறேன். கனடாவில் 2022 ஒக்டோபரோடு கைத்துப்பாக்கி விற்பதையும் வாங்குவதையுமே முடக்கிவிட்டார்கள். இலங்கையாகவும் இருக்காது. இங்கே 1916ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் எடுத்து வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். தற்காப்புக்கென்று கொடுத்திருந்தவற்றையும் மீளாய்வு செய்ய வேண்டும், கொண்டுவந்து ஒப்படையுங்கள் என்று 2024 கடைசியில் பாதுகாப்பு அமைச்சு கேட்டுவிட்டது. துவக்கு வாங்கச் சொல்லிக் கொடுக்கிறான் என்று யாரும் என்மீது பாய வேண்டாம். எங்கள் ஊர் துவக்குகளால் பட்டது போதும். இது ஏற்கெனவே வாங்கிவிட்ட ஒருவருக்கான பதில் மட்டும்தான்.

நான் திருகோணமலை. பொலிஸில் இருந்து ஓய்வு பெற்றவன், நீண்டகாலம் ஒருவருக்கு மெய்ப்பாதுகாவலராக இருந்தேன். கிண்ணியாப் பாலம் திறந்தது 2009இல்தான். அதற்கு முன்பு மூதூர்ப் பக்கம் போவதென்றால் பெரும்பாலும் லோஞ்ச் என்ற மோட்டார்ப் படகுதான். அந்த ஜெட்டியில் சனம் நெருக்கியடிக்கும். அரிசி மூட்டை, சைக்கிள், கோழிக்கூடு எல்லாம் ஆட்களோடு சேர்ந்துதான் ஏறும்.

ஒரு நாள் லோஞ்ச் வந்து முட்டியதும் சனம் முன்னால் தள்ளியது. என் இடது கை நான் காவல் பார்த்த ஐயாவின் முதுகில், வலது கை கயிற்றில். என் இடுப்பில் பிரவுனிங் ஹை-பவர். 1935இல் வந்த துப்பாக்கி அது. தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் சுத்தியலைப் பின்னால் இழுத்து, சேப்டியை மேலே தள்ளிப் பூட்டி வைத்திருக்கும்படிதான் எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள். பின்னால் நின்ற ஒருவன், நல்ல குடிவெறி, உறையின் பட்டனைப் பிய்த்து அதை உருவிவிட்டான். திரும்பினால் குழல் என் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. விசையில் அவன் விரல். நகத்துக்குள் எஞ்சின் எண்ணெய்க் கறுப்பு. அழுத்தி அழுத்தி அந்த விரல் நுனி வெளுத்துப்போனதை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். துப்பாக்கி வெடிக்கவில்லை. ஏன் வெடிக்கவில்லை என்று அவன் குனிந்து பார்த்த அந்த நொடியில் மணிக்கட்டைப் பிடித்துக் குழலைக் கடல் பக்கம் திருப்பினேன். மூட்டை தூக்கும் தம்பிமார் இரண்டு பேர் அவன்மேல் விழுந்தார்கள். ஐயா உட்பட ஒருவருக்கும் கீறல் இல்லை.

அந்தத் துப்பாக்கியில் சேப்டி போடாமல் இருந்திருந்தால் இந்தப் பதிலை எழுத நான் இல்லை. இதைச் சொன்னால், "அது கூட்டத்துக்குள் நடந்தது, உனக்கு அதிர்ஷ்டம்" என்பார்கள். சரி, நீங்கள் கூட்டத்துக்குள் போகவே மாட்டீர்களா? கடைக்கு, கோயிலுக்கு, பிள்ளையின் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு? சேப்டியால் என் கை தாமதிக்கும் என்று கணக்குப் பார்ப்பவர்கள், துவக்கு இன்னொருவன் கைக்குப் போகும் நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பழகிய கைக்கு அது தாமதமும் இல்லை. துப்பாக்கி உறையை விட்டு வந்து இலக்குக்கு நேராகப் போகும்போதே கட்டைவிரல் சேப்டியைக் கீழே தள்ளிவிடும்.

இப்போது வரும் சின்னப் பிஸ்டல்களில் பலவற்றுக்கு வெளியே சுத்தியல் கிடையாது, உள்ளே அதே வேலையைச் செய்யும் ஸ்ட்ரைக்கர் என்ற ஊசிதான். க்ளொக் என்ற பிஸ்டல் வகையில் கட்டைவிரல் சேப்டியே இல்லை, உள்ளேயும் விசையிலுமாக மூன்று சேப்டி இருக்கிறது என்று உங்கள் நண்பர்கள் சொல்வார்கள். உண்மைதான், நல்ல துப்பாக்கிதான். ஆனால் அந்த மூன்றும் துவக்கு கீழே விழுந்தால் வெடிக்காமல் பார்ப்பதற்கு. விசையை இழுப்பது விரலா, சட்டை நுனியா என்று அவற்றுக்குத் தெரியாது. அதன் விசைக்கு இரண்டரைக் கிலோ அளவு இழுவை போதும். ரிவோல்வருக்கும் சேப்டி இல்லையே என்று கேட்பவர்களுக்கு: சுத்தியல் முன்னால் கிடக்கும்போது அதன் விசை ஐந்து கிலோவை ஒட்டிக் கேட்கும், தூரமும் கூட. உங்களுடையதும் அப்படிக் கனமான நீள விசை என்றால் சேப்டி இல்லாமல் கொண்டு போங்கள், நான் மறுக்கமாட்டேன். 2012இல் வந்த ஸ்மித் அன்ட் வெஸன் ஷீல்ட், 2018இல் வந்த சிக் பி365 மாதிரி ஒன்று, அதுவும் சேப்டி வைத்த வகை என்றால், அந்தச் சேப்டியைச் சும்மா விட ஒரு காரணமும் இல்லை.

கையில் எடுக்கும்போது நடப்பதை விடத் திருப்பி உறைக்குள் வைக்கும்போது நடக்கும் விபத்துகளுக்குத்தான் நான் பயப்படுவேன். எங்கள் ஊர் வெக்கையில் வியர்வை ஊறி ஊறித் தோல் உறையின் வாய் துவண்டுவிடும். மடிந்த தோல் விசையைச் சுற்றியுள்ள கூட்டுக்குள் போனால் அதுவே விரலாகிவிடும். சாரத்தில் (லுங்கியில்) செருகுபவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். விசையை முழுதாக மூடும் கெட்டியான பிளாஸ்டிக் உறை வாங்குங்கள். வைக்கும்போது சேப்டியைப் போட்டுவிட்டு, கண்ணால் பார்த்து, மெல்ல வையுங்கள்.

இன்னொன்று, தள்ளும் திசை. ஹை-பவர், ஷீல்ட், பி365 எல்லாம் கீழே தள்ளினால் சுடத் தயார். வால்தர் பிபிகே, பெரெட்டா 92எஃப்எஸ் இரண்டும் நேர்மாறு, கீழே தள்ளினால் பூட்டு. இரண்டு வகையையும் மாற்றி மாற்றிக் கொண்டு திரியாதீர்கள். அதே மாதிரி ஒரு நாள் போட்டு ஒரு நாள் விடுவதும் வேண்டாம். உங்கள் நண்பர்கள் பயப்படும் மரணம் அப்படிப்பட்ட ஆளுக்குத்தான் வரும்.

இவ்வளவையும் தமிழில் எழுதி வைத்த ஒரு கைந்நூல் எனக்குப் பயிற்சிக் காலத்தில் கிடைக்கவில்லை. சிங்களத்தில் கேட்டு, பக்கத்தில் இருந்தவனிடம் விளக்கம் கேட்டுத்தான் படித்தேன். 1987இல் தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியாயிற்று. ஆனால் என் ஓய்வூதியக் கடிதம் சிங்களத்தில் மட்டும்தான் வந்தது. தமிழில் தாருங்கள் என்று கேட்டுப் போனால், கடமை முடியும் நேரம் என்று அந்த அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்கத்துக்கு உழைத்தவனுக்கு அவன் மொழியில் ஒரு தாள் தர முடியாதா? கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

பழகும்போது தோட்டாக்கள் அடுக்கிய மகஸினைக் கழற்றி ரவைகளை வேறு அறையில் வையுங்கள். குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணாலும் பார்த்து, விரல் விட்டும் பாருங்கள். பிறகு ஆள் இல்லாத கெட்டிச் சுவரைப் பார்த்து எடுங்கள், தள்ளுங்கள், திருப்பிப் பூட்டுங்கள். சின்னப் பிஸ்டலில் அந்த நெம்பும் சின்னது, வியர்த்த விரல் வழுக்கும். ஆகவே ஈரக் கையோடும் பழகுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் சேப்டியை நம்பி மேசையிலோ தலையணைக்குக் கீழோ வைக்க வேண்டாம். அங்கே பூட்டுப் பெட்டி மட்டும்தான் கணக்கு, அதன் சாவி உங்களிடம் இருக்க வேண்டும்.