பாம்பன் பாலத்தில் வரும் எண்ணம்

கேள்வி: எனக்கு வயது 27. தங்கச்சிமடத்தில் வசிக்கிறேன். கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். ஒன்றே கால் வயதில் மகள் இருக்கிறாள். மண்டபத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் பேருந்தில் போகும்போது, பாம்பன் பாலத்தின் நடுவில், ‘பிள்ளையை ஜன்னல் வழியாகக் கடலில் போட்டுவிட்டால்?’ என்ற எண்ணம் வந்து உடம்பே நடுங்குகிறது. மீன் ஆயும்போதும் அப்படித்தான். அரிவாள்மனையைப் பரணில் போட்டுவிட்டேன். எண்ணம் வந்தவுடன் ‘அருள் நிறைந்த மரியே’ மூன்று முறை சொல்கிறேன். நடுவில் எண்ணம் குறுக்கிட்டால் மறுபடி முதலிலிருந்து. ஏழு மாதமாக அம்மா வீட்டுக்குப் போகவில்லை. அம்மா ஏர்வாடி தர்காவுக்கு அழைத்துப் போகலாம் என்கிறார். நான் கொலைகாரி ஆகிவிடுவேனா, டாக்டர்?

பதில்: இல்லை, சகோதரி. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்த பிறகே இந்த ஒரு சொல்லை எழுதுகிறேன். இனி இதே கேள்வியை நீங்கள் கேட்டால் நான் பதில் சொல்லப் போவதில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கடிதத்தை மட்டும் வைத்து எந்த நோயையும் உறுதிசெய்ய முடியாது என்றாலும், நீங்கள் எழுதியிருப்பவை எண்ணச் சுழற்சி நோயின் அடையாளங்கள்; ஓ.சி.டி. என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். மகப்பேற்றை ஒட்டிய மாதங்களில் இது புதிதாகத் தொடங்குவதும், முன்பே இருந்தது முற்றுவதும் உண்டு. பிள்ளையைப் பற்றிய இத்தகைய எண்ணத்தை வெளியே சொன்னால் பேய் பிடித்தவள் என்பார்களோ என்று பயந்து, பல தாய்மார்கள் ஆண்டுக்கணக்கில் வாய் திறப்பதில்லை. நீங்கள் எழுதியது பெரிய காரியம்.

1978-இல் ராக்மன் என்ற உளவியலாளரும், இலங்கையில் பிறந்து லண்டனில் பணியாற்றிய பத்மல் டி சில்வா என்ற உளவியலாளரும், எந்த மனநோயும் இல்லாத சாதாரண மனிதர்களிடம், வேண்டாத விபரீத எண்ணங்கள் வருவதுண்டா என்று கேட்டு ஆராய்ந்தார்கள். பெரும்பாலோர் ஆம் என்றார்கள். நோயுள்ளவர்களின் எண்ணங்களும் மற்றவர்களின் எண்ணங்களும் உள்ளடக்கத்தில் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. எத்தனை முறை வருகிறது, எவ்வளவு கலக்குகிறது, உதறிவிட்டுப் போக முடிகிறதா என்பதில்தான் வேறுபாடு இருந்தது. அதே பேருந்தில் உங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கும், எட்டிப் பார்த்தபோது ‘குதித்தால்?’ என்று ஒரு கணம் தோன்றியிருக்கலாம். அவர் அதை மறந்துவிட்டு மண்டபம் வந்ததும் இறங்கிப் போய்விடுகிறார். நீங்களோ பிள்ளைமேல் உயிரையே வைத்திருப்பதால், ‘இப்படித் தோன்றலாமா?’ என்று அந்த எண்ணத்தைப் பிடித்து நிறுத்தி விசாரிக்கிறீர்கள். இந்த நோய் ஒருவர் எதைப் பெரிதாக மதிக்கிறாரோ அதையே தொடும். பக்தி மிகுந்தவர்களுக்குச் சாமியைப் பழிக்கும் எண்ணம் வருவதும் அதனால்தான்.

எண்ணம் தானாக வருகிறது. அதை நிறுத்துவது உங்கள் கையில் இல்லை. எண்ணம் வந்த பிறகு செய்பவைதான் நோயை வளர்க்கின்றன. மூன்று முறை சொல்லும் செபம், பரணில் ஏறிய அரிவாள்மனை, பாலத்தைத் தவிர்ப்பது, ‘நான் செய்துவிடுவேனா’ என்று பிறரைக் கேட்பது ஆகிய நான்கும் அந்த நேரத்துக்கு நெஞ்சை ஆற்றுகின்றன. ஆனால், ‘நல்ல வேளை செபித்தேன், அதனால்தான் ஒன்றும் நடக்கவில்லை’ என்று மனம் கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை எண்ணம் இன்னும் பலமாக வருகிறது. உங்கள் கேள்விக்கு நான் திரும்பத் திரும்ப ஆறுதல் சொன்னால் அதுவும் ஐந்தாவதாகச் சேர்ந்துவிடும். உங்கள் வழக்கமான செபமாலையை நான் குறை சொல்லவில்லை. பயத்தை அடக்குவதற்காக எண்ணி எண்ணிச் சொல்வதை மட்டுமே நிறுத்தச் சொல்கிறேன்.

சிகிச்சை, பயப்படும் இடத்தில் நின்றுகொண்டே பரிகாரம் செய்யாமல் இருக்கப் பழக்குவது. எளிய படியிலிருந்து தொடங்க வேண்டும். முதல் வாரம் அரிவாள்மனை பரணிலிருந்து இறங்கி அடுப்படி மூலையில் இருக்கட்டும். பிறகு பிள்ளை பக்கத்து அறையில் தூங்கும்போது அதில் சூடை மீனை ஆயுங்கள். பிறகு, எல்லா வீட்டிலும் இருப்பதுபோல் கைக்கெட்டாத தூரத்தில் அவள் விளையாடிக்கொண்டிருக்க ஆயுங்கள். பாலம் கடைசிப் படி: பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, எண்ணம் வந்தால் ‘வந்திருக்கிறது, இருக்கட்டும்’ என்று மட்டும் சொல்லிக்கொள்ள வேண்டும். நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும். எதுவும் செய்யாமல் இருந்தால் அது தானே தணியும். இதை ஒரு மனநல மருத்துவர் அல்லது உளவியலாளரின் துணையோடு செய்வதே சரி. தேவைப்பட்டால் செர்ட்ராலின், ஃப்ளூஆக்சிடின் போன்ற மாத்திரைகள் தருவார்கள். முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம் என்பதால், பத்து நாளில் ‘கேட்கவில்லை’ என்று நிறுத்திவிடாதீர்கள். தாய்ப்பால் கொடுப்பதாக இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க முடியும்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவைப் பாருங்கள். பயணம் முடியாத நாளில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணைக் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம். செய்யச் சொல்லிக் குரல் கேட்டாலோ, செய்வதே சரி என்று படத் தொடங்கினாலோ, உங்கள் உயிரை முடித்துக்கொள்ளத் தோன்றினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அவை வேறு வகை, காத்திருக்கக் கூடாதவை.

அம்மாவின் மனம் நோகாமல் தர்காவுக்குப் போய்த் தொழுதுவிட்டு வருவதில் தவறில்லை. அங்கே தங்கவைத்துச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதற்கு மட்டும் உடன்படாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6-இல் அதே ஊரில் ஒரு தனியார் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் சிக்கி, 28 பேர் இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்திருக்கிறது. இந்த மாவட்டத்தில் இதை எழுதும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கனக்கிறது.

கேள்வி: கீழக்கரையில் கல்லூரி படிக்கும் என் 19 வயது மகன், தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் ஒளுவைச் செய்ய நாற்பது நிமிடம் எடுக்கிறான். ஜமாஅத் (கூட்டுத் தொழுகை) தவறிவிடுகிறது, தொட்டித் தண்ணீர் தீர்ந்துவிடுகிறது. ‘வாப்பா, முழங்கை நனைந்ததா?’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். ‘நனைந்தது’ என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். திட்டினால் அழுகிறான்.

பதில்: இவையும் அதே நோயின் அடையாளங்கள்தான், மேலே உள்ள பதிலையும் படியுங்கள். உங்கள் மரபில் இதற்கு ‘வஸ்வாஸ்’ என்று பெயரே இருக்கிறது. ஐயத்துக்கு இடம் கொடுத்து மீண்டும் மீண்டும் கழுவ வேண்டாம் என்றே மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் சொல்வார்கள். அவனை ஓர் ஆலிமிடம் ஒரே ஒரு முறை அழைத்துப் போய் மார்க்கச் சட்டத்தைக் கேட்டு வாருங்கள். அதன் பிறகு மறுபடி கேட்பதும் நோயின் வேலைதான்.

1966-இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், கழுவுவதை நிறுத்த முடியாத நோயாளிக்குத் தண்ணீரையே கட்டுப்படுத்தி, பதற்றத்தோடு இருக்கப் பழக்கியதிலிருந்துதான் இன்றைய சிகிச்சை வளர்ந்தது. ஆனால் நீங்களாகக் குழாயை அடைக்காதீர்கள். அவன் ஒப்புக்கொண்டு செய்தால்தான் பயன். அவன் அமைதியாக இருக்கும் ஒரு மாலையில், ‘நாளை முதல் நனைந்ததா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்ல மாட்டேன், கோபத்தால் அல்ல, அந்தப் பதில் உன் நோய்க்குத் தீனி ஆகிறது’ என்று சொல்லிவிடுங்கள். உம்மாவும் அக்காளும் இதையே கடைப்பிடிக்க வேண்டும். மருத்துவரையும் தொடர்ந்து பாருங்கள். முதல் சில நாள்களில் அவன் பதற்றம் கூடும். அப்போது எழுந்து போய்விடாமல் அவன் அருகில் உட்கார்ந்து, கல்லூரியைப் பற்றியோ சாப்பாட்டைப் பற்றியோ பேசிக்கொண்டிருங்கள். முழங்கையைப் பற்றி மட்டும் வேண்டாம்.