பட்டினி கிடந்த துருவமானுக்குக் குச்சித் தீவனம் கொடுப்பது எப்படி?

கேள்வி: பின்லாந்தின் வடக்கே இனாரி பகுதியில் துருவமான் வளர்க்கிறேன். ஜனவரியில் பனியின் மேல் மழை பெய்து உறைந்ததால் மேய்ச்சல் நிலம் முழுவதும் பனிக்கட்டிப் பாளமாகிவிட்டது. மான்களால் குளம்பால் தோண்டி, குளிர்கால உணவான லைக்கனை (தரையிலும் மரத்திலும் படரும் பாசி போன்ற உயிரி) எடுக்க முடியவில்லை. பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பட்டியில் அடைத்து, கடையில் வாங்கிய குச்சித் தீவனத்தைத் தொட்டி நிறையக் கொட்டினேன். கோடை முடிவில் அறுத்த புல்லின் சைலேஜ் (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த புல்) உருளைகளையும் வைத்தேன். நான்காம் நாளிலிருந்து கழிச்சல். சில கன்றுகளுக்கு நெஞ்சும் அடிவயிறும் ஈரமாகவே இருக்கின்றன. மூன்று கன்றுகள் இறந்துவிட்டன. அறுத்துப் பார்த்தால் வயிறு நிறையத் தீனி இருக்கிறது. தீவனம் கெட்டதா?

பதில்: மூட்டையில் பூஞ்சை வாடையோ கட்டியோ இல்லையென்றால் தீவனத்தின் மேல் பழி போடாதீர்கள். கொடுத்த வேகமும், அந்தச் சைலேஜும்தான் காரணம் என்று நினைக்கிறேன். இன்றே செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கழிச்சல் உள்ளவற்றையும், அடிவயிறு நனைந்தவற்றையும் தனியே பிரித்து, காற்று அடிக்காத, உலர்ந்த இடத்தில் வையுங்கள். அவற்றுக்குக் குச்சித் தீவனத்தை உடனே நிறுத்துங்கள். சேமித்து வைத்த லைக்கன் இருந்தால் அதை மட்டும் கொடுங்கள். இல்லையென்றால் பழைய ஸ்புரூஸ் மரங்களில் தாடிபோல் தொங்கும் மர லைக்கனைச் சேகரியுங்கள். விழுந்த மரங்களிலும் கிடைக்கும். நனைந்த ரோமம் குளிரைத் தடுக்காது, இளைத்த கன்று அந்தக் குளிரிலேயே போய்விடும். ஆகவே கால்நடை மருத்துவரை நாளைக்கு என்று தள்ளாமல் இன்றே அழையுங்கள். இறந்த கன்றுகளில் ஒன்றைப் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லியும் கேளுங்கள். என் ஊகம் சரியா என்பதை அதுதான் காட்டும்.

இனி, நடந்தது என்ன? துருவமான் தின்பதைச் செரிப்பது அதன் அசையூண் வயிற்றில், அதாவது தீனி முதலில் சேர்ந்து புளிக்கும் பெரிய இரைப்பையில், வாழும் நுண்ணுயிர்கள். குளிர்காலத்தில் அவை லைக்கனுக்குப் பழகியிருக்கும். லைக்கனில் எளிதில் செரிக்கும் மாவுச்சத்து வகைகள் நிறைய உண்டு, புரதமோ மிகக் குறைவு. சில நாள் பட்டினி கிடந்தாலே இந்த நுண்ணுயிர்களின் எண்ணிக்கை சரிந்துவிடும். அந்த நிலையில் பார்லி, ஓட்ஸ், கோதுமைத் தவிடு கலந்த குச்சித் தீவனம் ஒரேயடியாக உள்ளே போனால், தானிய மாவு வேகமாகப் புளித்து வயிறு அமிலமாகிவிடும். கழிச்சலும், சோர்வும், தீனி மறுப்பும் அதன் விளைவு. பசித்த மானுக்கு வயிறு நிறையக் கொடுக்க வேண்டும் என்று தோன்றுவது இரக்கம்தான். ஆனால் அந்த நேரத்தில் அதைக் கொல்வதும் அதுவே.

சைலேஜ் வேறு வகைத் தொல்லை. துருவமான் மாட்டைப் போல் முரட்டுப் புல்லைச் செரிக்கும் விலங்கு அல்ல. கோடையில் இளந்தளிரையும் இலையையும் பொறுக்கித் தின்னும். முற்றிய புல்லின் தண்டும் நாரும் அசையூண் வயிற்றிலேயே தங்கி இடத்தை அடைத்துக்கொள்ளும். வெளியே பார்த்தால் வயிறு உருண்டையாக இருக்கும், உள்ளே மான் பட்டினியில் கரையும். நீங்கள் அறுத்துப் பார்த்த கன்றுகளில் நிறைந்திருந்த தீனி நீளமான தண்டாக இருந்ததா என்று நினைத்துப் பாருங்கள். துருவமானுக்கான சைலேஜ் பூக்கும் முன்பே அறுத்த, இலை மிகுந்த, ஈரம் குறைந்த புல்லாக இருக்க வேண்டும். மாட்டுப் பண்ணையில் மிஞ்சியதை வாங்கிப் போடாதீர்கள்.

நலமாக உள்ள மான்களுக்கு முதல் சில நாள் லைக்கனும் மென்மையான, இலையுள்ள உலர்புல்லும் அடிப்படைத் தீனியாகட்டும். குச்சித் தீவனம் ஒரு மானுக்கு நாளுக்கு 200 முதல் 300 கிராம் போதும். அதையும் இரண்டு மூன்று வேளையாகப் பிரியுங்கள். புழுக்கை உருண்டையாக, கெட்டியாக விழுந்தால் சில நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டுங்கள். இளகினால் கூட்டாமல் முந்தைய அளவுக்குத் திரும்புங்கள். முழு அளவான ஒன்றரை முதல் இரண்டு கிலோவை எட்ட இரண்டு மூன்று வாரம் ஆகட்டும். கன்றுக்கு அதைவிடக் குறைவு. வாங்கும்போது துருவமானுக்கென்றே தயாரித்த தீவனமா என்று பாருங்கள். சர்க்கரை பீட் சக்கை நிறைய உள்ள தீவனம் எனக்குப் பிடித்தது. அதன் நார் எளிதில் செரிக்கும், தானிய மாவைப் போல் சட்டென்று புளிக்காது.

பட்டிக்குள் யார் தின்கிறார்கள் என்பதையும் நின்று கவனியுங்கள். வளர்ந்த ஆண் மான்கள் இணைசேரும் காலம் முடிந்ததும் கொம்பை உதிர்த்துவிடும். சினையான பெட்டைகளோ கன்று ஈனும் மே மாதம் வரை கொம்போடு இருக்கும். தொட்டிக்கு வரும் மற்றவற்றை அவை முட்டித் துரத்தும். நடுவில் ஒரே தொட்டி வைத்தால் வலுத்தவை அளவுக்கு மீறித் தின்று நோயில் விழும், தாயில்லாக் கன்று ஓரத்தில் நின்று மெலியும். எல்லா மான்களும் ஒரே நேரத்தில் வாய் வைக்கும்படி நீளமாக, இடைவெளி விட்டுத் தொட்டிகளைப் பரப்புங்கள். கன்றுகளுக்குத் தனிப் பட்டி கட்டுங்கள். உலர் தீவனம் தாகத்தைக் கூட்டும் என்பதால் சுத்தமான புதுப் பனி எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பட்டியில் பனி மிதிபட்டு அழுக்கானால் தண்ணீர் வையுங்கள்.

நெருக்கம் இன்னொரு ஆபத்தையும் கொண்டுவரும். காட்டில் பரந்து மேயும்போது அரிதாக வரும் நோய்கள் பட்டியில் வேகமாகப் பரவும். கண்ணில் நீர் வடிந்து, வெள்ளை படர்ந்து, பார்வையே போகக்கூடிய தொற்று ஒன்று. இதைத் தொடங்கிவைப்பது பெரும்பாலும் ஒருவகை ஹெர்பிஸ் வைரஸ். வாயிலும் உதட்டிலும் கொப்புளமும் புண்ணும் வரும் ஆர்ஃப் இன்னொன்று. அது மனிதருக்கும் ஒட்டும், கையுறை இல்லாமல் அந்த மான்களின் வாயைத் தொடாதீர்கள். காலையில் தீவனம் வைக்கும்போதே கண்ணையும் வாயையும் பாருங்கள். தொட்டிகளைச் சில நாளுக்கு ஒருமுறை புதுப் பனிக்கு நகர்த்துங்கள், தரையில் கொட்டவே கொட்டாதீர்கள்.

ஆலைத் தீவனத்தை நான் வெறுப்பவன் அல்ல. 1986இல் செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பின் ஸ்வீடன், நார்வே மேய்ப்பர்களுக்கு அது பெரிய துணையாக இருந்தது. லைக்கனுக்கு வேர் கிடையாது. காற்றிலும் மழையிலும் வந்த கதிரியக்கச் சீசியம்-137ஐ அப்படியே பிடித்து வைத்துக்கொண்டது. மான்களுக்குச் சில வாரம் சுத்தமான தீவனம் கொடுத்து, இறைச்சியில் சீசியம் இறங்கிய பின் வெட்டினார்கள். சீசியத்தைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும் பிரஷ்யன் நீல வகை உப்பையும் தீவனத்தில் சேர்த்தார்கள். ஆனால் வாங்கும் தீவனம் லைக்கன் நிலத்துக்கு ஈடாகாது. குளிர்காலத்தில் துருவமானுக்கு இயல்பாகவே பசி குறையும், சற்று எடையும் குறையும். அதைக் கண்டு பதறி மூட்டைக் கணக்கில் கொட்ட வேண்டாம்.

அடுத்த ஆண்டுக்கு இப்போதே யோசியுங்கள். இலையுதிர் காலத்தில் மான்களைத் தரம் பிரிக்கும் பட்டிக்கு மந்தையைக் கொண்டுவரும்போதே, உடல் நல்ல நிலையில் உள்ள கன்றுகளுக்குக் கைப்பிடி குச்சித் தீவனத்தைக் காட்டிப் பழக்குங்கள். ஒருமுறை ருசி அறிந்த கன்று பின்னாளில் தயங்காமல் தின்னும். சில மூட்டை லைக்கனை உலர்த்திச் சேமித்து வையுங்கள். மழை பெய்து பனி இறுகிய செய்தி வந்தால் பத்து நாள் காத்திருக்காமல், பள்ளம் தோண்டி அடியில் பனிக்கட்டி இருக்கிறதா என்று பார்த்து, மான் இளைக்கும் முன்பே சிறு அளவில் தொடங்கிவிடுங்கள்.