ஐயாவுக்குச் சென்சார் சரி, மருமகளுக்கு எதற்கு?

கேள்வி: என் கணவருக்கு வயது 71. பல வருடங்களாகச் சர்க்கரை. மாத்திரை மட்டும்தான், இன்சுலின் இல்லை. பெரிய வீட்டில் நாங்கள் இருவர்தான். சிங்கப்பூரில் இருக்கும் மகன், கையில் ஒட்டிச் சர்க்கரை பார்க்கும் சென்சாரை ஐயாவுக்கு மாட்டச் சொன்னான். கொண்டுவந்த ஏஜென்ட், "சர்க்கரை இல்லாதவர்களும் போடலாம்" என்று, லீவுக்கு வந்திருந்த மருமகளுக்கும் ஒன்று ஒட்டிவிட்டார். வெள்ளைப் பணியாரம் சாப்பிட்டதும் 154 காட்டியதாம். அன்றிலிருந்து அவள் சோற்றைத் தொடவில்லை. என்ன செய்வது?
— ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: ஆச்சி, முதலில் மருமகளைச் சாப்பிடச் சொல்லுங்கள். அரிசிப் பலகாரம் நாலு உள்ளே போனால் யாருக்கும் சர்க்கரை ஏறத்தான் செய்யும். நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களுக்கும் கொஞ்ச நேரம் 140-ஐத் தாண்டிவிட்டுத் தானே இறங்கும். சென்சார் எண்ணை வைத்துச் சர்க்கரை நோய் என்று முடிவு கட்டவே கூடாது. சந்தேகம் இருந்தால் லேபில் ரத்தம் கொடுக்கட்டும். வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனை) 5.7-க்குக் கீழே என்றால் கவலையை விடலாம்.

அந்தச் சென்சார் ரத்தத்தைத் தொடுவதே இல்லை. தோலுக்கடியில் ஊறும் நீரில் உள்ள சர்க்கரையைத்தான் அளக்கிறது. கண்மாய் மடையைத் திறந்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச்சேர நேரமாகும் அல்லவா, அப்படித்தான் ரத்தத்தில் ஏறியது இதில் தெரிய 5 முதல் 15 நிமிடம் பிந்தும். ஒட்டிய முதல் நாள் எண்ணை ரொம்பவும் நம்ப வேண்டாம்.

ஏஜென்டுகள் விஷயத்தில் எனக்குப் பொறுமை இல்லை. ஒரு சென்சார் விற்பதோடு நிற்பதில்லை. டயட் பேக்கேஜ், சத்துமாவு, "மூன்றே மாதத்தில் மாத்திரையை நிறுத்தலாம்" என்று வரிசையாக வரும். அமெரிக்காவில் இன்சுலின் போடாத பெரியவர்கள் மருத்துவர் சீட்டு இல்லாமலே வாங்கலாம் என்று 2024-இல் ஒரு சென்சாருக்கு அனுமதி கிடைத்ததைக் காட்டிப் பேசுவார்கள். விற்க அனுமதி உண்டு என்பதால் எல்லாருக்கும் அது தேவை என்று ஆகிவிடாது. குத்தாமலே சர்க்கரை பார்க்கும் வாட்ச், மோதிரம் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அப்படி எதற்கும் அனுமதி தரவில்லை என்று, அந்தச் சென்சாருக்கு அனுமதி தந்த அதே அமெரிக்க மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்திருக்கிறது. சென்சார் வேண்டுமானால் மருந்துக்கடையில் பில் போட்டு, காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள். பைக் பெட்டியில் வெயிலில் கிடந்தது வேண்டாம்.

இனி ஐயா விஷயம். மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குப் பொதுவாக இது கட்டாயமில்லை. ஆனால் ஒரு விலக்கு உண்டு, அது உங்கள் வீடாகவே இருக்கலாம். மாத்திரை அட்டையை மருந்துக்கடையில் காட்டி, கிளிமிபிரைடோ கிளிக்லசைடோ கலந்திருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் மெட்ஃபார்மினோடு சேர்ந்து ஒரே மாத்திரையாக வரும், பெயரில் தெரியாது. அந்த இரண்டும், நீங்கள் சோறு சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கும். வயதாகிச் சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மருந்து உடம்பில் அதிக நேரம் தங்கும். ராத்திரி பலகாரம் வேண்டாமென்று படுத்துவிட்டால், விடியக்காலையில் 70-க்குக் கீழே போகலாம். 54-க்குக் கீழே போனால் ஆபத்து. தூக்கத்தில் அது அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதனால் ஐயாவுக்கு 14 நாள் சென்சார் ஒன்று போடுவதை நான் ஆதரிக்கிறேன்.

ஆனால் அந்தக் கையை அழுத்தி ஒருக்களித்துப் படுத்தாலும் 58 என்று காட்டும். அதைத் தன் போனில் பார்த்துவிட்டுச் சிங்கப்பூரிலிருந்து மகன் பதறிக்கொண்டு போன் செய்வார். உடனே எழுப்பி, விரலில் குத்திப் பாருங்கள். உண்மையிலேயே குறைவென்றாலும், குத்திப் பார்க்க வழியில்லாமல் வியர்வையும் நடுக்கமும் இருந்தாலும், 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி விரலில்தான் பார்க்க வேண்டும். சென்சார் அப்போதும் குறைவாகவே காட்டிக்கொண்டிருக்கும். அதை நம்பி மேலே மேலே ஊட்டினால் காலையில் 300 நிற்கும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் இருந்தால் அந்தக் கையில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பசை விட்டுவிடும்.

எனக்கு வருத்தம் எங்கே என்றால், சென்சார் போட்டுத் தரும் இந்த 14 நாள் வரைபடத்தை உட்கார்ந்து படிக்க ஆளில்லை. மக்களைத் தேடி மருத்துவம் 2021-இல் வந்தபின் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது, நல்ல காரியம். ஆனால் 60 வயதில் எழுதிய அளவு 71-க்கும் பொருந்துமா என்று யார் பார்க்கிறார்கள்? தனியார் மருத்துவமனையிலும் வரைபடத்தை ஃபைலில் சொருகிவிட்டுப் பழைய சீட்டையே திருப்பி எழுதுகிறார்கள். ராத்திரி 12 முதல் காலை 6 வரை உள்ள பகுதியை விரலால் காட்டி, "இந்த மாத்திரையைக் குறைக்கலாமா?" என்று நீங்களே கேளுங்கள். அதற்குப் பதில் கிடைக்கும்வரை அடுத்த சென்சாருக்கு மகன் பணம் அனுப்ப வேண்டாம்.